எல்லாரும் எழுதும் அகராதியை நம்பலாமா?

வாசகர் கேள்வி – பதில்

இணையத்தில் பலர் கூடி எழுதும் பன்மொழி அகராதியான விக்சனரிக்குச் சொற்கள் சேர்க்க வருமாறு சென்ற இதழில் வாசகர்களை அழைத்திருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கவலையை வெவ்வேறு விதமாகச் சொல்லியிருந்தன: சேர்ப்பது எளிது, சேர்ந்திருப்பது சரிதானா என்று யார் பார்ப்பது? பல ஆண்டுகளாக அதில் எழுதியும் திருத்தியும் வரும் எனக்கும் அந்தக் கவலை உண்டு. ஆகவே இம்முறை அந்தக் கடிதங்களுக்கு மட்டுமே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் அழிக்கலாம் என்றிருக்கும் ஓர் அகராதியை வகுப்பில் மாணவர்களுக்கு எப்படிக் காட்டுவது? அறிஞர் குழு தொகுத்த அச்சு அகராதியோடு இதை ஒப்பிடவே கூடாது என்பது என் கருத்து. – தமிழாசிரியர், கும்பகோணம்

பதில்: ஐயா, உங்கள் தயக்கம் நியாயமானது. ஆனால் பொதுமக்கள் கூடி அகராதி செய்வது இணையத்தோடு பிறந்த பழக்கமன்று. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிக்கான வேலை 1857இல் லண்டனில் தொடங்கியபோதே, நூல்களைப் படித்துச் சொற்களைக் குறித்து அனுப்பும் பணி தன்னார்வலர்களிடம்தான் ஒப்படைக்கப்பட்டது. 1879இல் பதிப்பாசிரியர் ஜேம்ஸ் மரே மீண்டும் பொது வேண்டுகோள் விடுத்தார். லட்சக்கணக்கில் தாள் துண்டுகள் வந்து குவிந்தன. முதற்பதிப்பு முற்றுப்பெற்றது 1928இல். அந்தத் துண்டுகளின் அமைப்பைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஒவ்வொன்றிலும் சொல், அது வந்த நூல், ஆசிரியர், ஆண்டு, பக்கம், சொல் இடம்பெற்ற முழு வாக்கியம் ஆகியவை இருக்க வேண்டும் என்று கேட்டார்கள். அனுப்பியவர் பேராசிரியரா கடைக்காரரா என்பது இரண்டாவது கேள்வியாகிவிட்டது. துண்டைக் கையில் எடுப்பவர் எவராயினும் மூல நூலைத் திறந்து சரிபார்க்க முடிந்தது.

அப்படியும் பிழை நேர்ந்தது. அடிமைப் பெண்ணைக் குறிக்கும் 'பாண்ட்மெய்ட்' என்ற சொல்லின் துண்டுகள் எங்கோ தவறிப்போனதால் அச்சொல் முதற்பதிப்பில் இடம்பெறாமலே போயிற்று. 1933ஆம் ஆண்டுப் பின்னிணைப்பில்தான் அதைச் சேர்த்தார்கள். அமெரிக்காவில் 1934இல் வெளியான வெப்ஸ்டர் பேரகராதியின் இரண்டாம் பதிப்பிலோ, இல்லாத சொல்லொன்று நுழைந்துவிட்டது. அடர்த்தி என்பதற்குப் பெரிய 'டி' அல்லது சிறிய 'டி' என்னும் எழுத்தைச் சுருக்கக் குறியாகப் பயன்படுத்தலாம் என்று ஒரு துண்டில் எழுதியிருந்ததை, இடையிலிருந்த 'ஆர்' என்ற ஆங்கிலச் சொல்லையும் சேர்த்துப் படித்து, 'டார்ட்' என்றொரு சொல்லாக்கி, அதற்கு 'அடர்த்தி' என்று பொருளும் கொடுத்து அச்சேற்றிவிட்டார்கள். 1939இல் அலுவலகத்தில் ஒருவர், இந்தப் பதிவுக்குச் சொற்பிறப்பு எழுதப்படவில்லையே என்று கவனித்த பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. வெற்றிடமாகக் கிடந்த ஒரு கட்டமே பிழையைக் காட்டிக்கொடுத்தது என்பதை அகராதி எழுத வருவோரிடம் தவறாமல் சொல்லுவேன்.

நம் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி (1924 – 1936, பின்னிணைப்பு 1939) இன்றும் மதிக்கப்படுவதற்கு ஒரு லட்சத்தைத் தாண்டும் அதன் சொற்றொகை மட்டும் காரணமன்று. ஒரு பொருளைச் சொன்னதும் அது எந்த இலக்கியத்தில், எந்த நிகண்டில் வருகிறது என்பதை அடைப்புக்குறிக்குள் சுருக்கமாகக் காட்டிவிடுவார்கள். அந்தச் சுருக்கக் குறிகளே அதன் உயிர். ஆகவே இணைய அகராதியை வகுப்பில் காட்டும்போது, பதிவில் மேற்கோளும் மூலமும் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். பிறகு பக்கத்தின் வரலாற்றைத் திறந்து, எத்தனை பேர் எப்போது என்ன மாற்றினார்கள் என்பதை மாணவர்களுக்குக் காட்டுங்கள். மூலமில்லாத பதிவை அவர்களிடமே கொடுத்து, பேரகராதியில் தேடிச் சரிபார்த்து வரச் சொல்லுங்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணையத்தளத்தில் பேரகராதி முழுவதையும் இலவசமாகத் தேடலாம்.

கேள்வி: ஓர் இணைய அகராதியில் 'தம்பி' என்ற சொல்லுக்கு மலாய் மொழிபெயர்ப்பாக 'அபாங்' என்றிருந்தது. இங்கே பிறந்து வளர்ந்த எந்தக் குழந்தையும் இப்படிச் சொல்லாது. நான் திருத்திவிட்டேன். ஆனால் இத்தகைய பிழை எப்படி உண்டாகிறது, இதைத் தடுக்க வழியே இல்லையா? – இல்லத்தரசி, ஈப்போ, மலேசியா

பதில்: அம்மா, பன்மொழி அகராதிகளின் ஆகப் பெரிய நோயை உங்கள் கடிதம் ஒரே சொல்லில் காட்டிவிட்டது. அந்தப் பதிவை எழுதியவருக்குத் தமிழும் ஆங்கிலமும் தெரிந்திருக்கும், மலாய் தெரிந்திருக்காது. தம்பிக்கு ஆங்கிலத்தில் 'பிரதர்' என்று கண்டார். 'பிரதர்' என்பதற்கு மலாயில் 'அபாங்' (அண்ணன்) என்று இன்னொரு பட்டியலில் கண்டார். இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார். அண்ணன், தம்பி என்ற வேறுபாட்டைத் தமிழும் மலாயும் பொன்போலக் காக்கின்றன. நடுவில் நின்ற ஆங்கிலச் சொல்லுக்கு அந்த வேறுபாடு இல்லை. அந்த வாசல் வழியாக நுழைந்த தம்பி, மறுபுறம் அண்ணனாக வெளியே வந்துவிட்டான்.

சரியான இணையை எழுதுவதும் அவ்வளவு எளிதன்று. மலாயில் 'அடிக்' என்றால் இளைய உடன்பிறப்பு; ஆணா பெண்ணா என்பதை அச்சொல் சொல்லாது. தம்பி என்று திட்டமாகச் சொல்ல 'அடிக் லெலாக்கி' என்றும், தங்கையை 'அடிக் பெரம்புவான்' என்றும் விரிக்க வேண்டும். 'அபாங்' என்பதை மனைவி கணவனை அழைக்கவும் பயன்படுத்துகிறாள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. தமிழில் தம்பி என்பது உடன்பிறந்தவனை மட்டுமன்றி, தெருவில் எதிர்ப்படும் இளைஞனையும் குறிக்கும். இன்னும் ஒரு படி போனால், மலேசியாவில் அக்காவைக் குறிக்கும் 'காக்கா' இந்தோனேசியாவில் மூத்தவர் ஆணாயினும் பெண்ணாயினும் பொருந்தும். ஆகவே மலாயையும் இந்தோனேசிய மொழியையும் ஒன்றென்று எண்ணி ஒரே வரியில் எழுதுபவர் இன்னொரு பிழையை விதைத்துவிடுகிறார்.

இதற்கு மருந்து ஒன்றுதான்: மொழிபெயர்ப்பைச் சொல்லோடு கட்டக் கூடாது, சொல்லின் ஒவ்வொரு பொருளோடும் தனித்தனியே கட்ட வேண்டும். 'படி' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தைப் படி என்கிறோம், மாடிப்படி என்கிறோம், அரிசியைப் படியால் அளந்தோம், அரசு ஊழியருக்குப் பஞ்சப்படி உண்டு, கையெழுத்துப் படி உண்டு. ஒரே பக்கத்தில் 'படி' என்று தலைப்பிட்டு, மலாய் என்ற வரியில் 'பாச்சா, அனாக் தங்கா, எலாவுன், சாலினான்' என்று வரிசையாக எழுதிவிட்டால், எழுதியவற்றில் ஒன்றுகூடத் தவறில்லை. ஆயினும் பயன்படுத்துவோருக்கு அது தவறான பதிவே. வாசிப்பதற்கு 'பாச்சா', படிக்கட்டுக்கு 'அனாக் தங்கா', ஊழியருக்குத் தரும் படிக்கு 'எலாவுன்', நகலுக்கு 'சாலினான்' என்று ஒவ்வொன்றும் தன் பொருளின் கீழ் நின்றால்தான் அது அகராதி. அரிசி அளக்கும் படிக்கு நேரான மலாய்ச் சொல் கிடைக்காவிட்டால் அந்த இடம் வெறுமையாகவே இருக்கட்டும். அல்லது, பழைய முகத்தல் அளவை என்று மலாயில் ஒரு விளக்கம் எழுதுங்கள். வெற்றிடத்தைப் பார்த்து வெட்கப்பட்டு எதையாவது இட்டு நிரப்பும் ஆசையே பல பிழைகளுக்குத் தாய்.

வினைச்சொல்லில் இன்னும் கவனம் வேண்டும். தூசி படிந்தது, பையன் படித்தான் – இரண்டுக்கும் ஏவல் 'படி'தான். ஆனால் இறந்தகாலத்தில் பிரிந்துவிடுகின்றன. பேரகராதி இவற்றைப் 'படிதல்' என்றும் 'படித்தல்' என்றும் தனிப் பதிவுகளாக வைத்திருக்கிறது. இணைய அகராதியில் வினை எழுதுவோர் இறந்தகால வடிவத்தையும் சேர்த்து எழுதும் பழக்கத்தைக் கைக்கொண்டால் பாதிக் குழப்பம் தானே தீர்ந்துவிடும்.

பொருளோடு கட்டுவது என்ற இந்த எண்ணத்தையே அடித்தளமாகக் கொண்டு 'ஒமேகாவிக்கி' என்ற பன்மொழி அகராதி உருவானது. அதில் முதலில் ஒரு பொருளை வரையறுத்துவிட்டு, பிறகு அந்தப் பொருளின் கீழ் ஒவ்வொரு மொழிச் சொல்லையும் வைத்தார்கள். விக்கிப்பீடியாவின் உடன்பிறப்பான தரவுத்தளம் விக்கித்தரவில் 2018இல் சொற்களுக்கென்று திறக்கப்பட்ட பகுதியிலும், சொல், அதன் வடிவங்கள், அதன் பொருள்கள் ஆகிய மூன்றும் தனித்தனி எண் பெறுகின்றன. ஆயினும் எந்தக் கட்டமைப்பும் நம் அக்கறைக்கு ஈடாகாது. வரையறை முதலில் ஆங்கிலத்தில் எழுதப்பட்டால், 'பிரதர்' மறுபடியும் நடுவில் வந்து நின்றுகொள்வார்.

நான் கையாளும் ஒரு சோதனையைச் சொல்கிறேன். மொழிபெயர்ப்பை எழுதியதும், அந்த வேற்றுமொழிச் சொல்லின் பக்கத்தைத் திறந்து, அங்கிருந்து தமிழுக்குத் திரும்பி வாருங்கள். தம்பியில் புறப்பட்டு 'அபாங்' வழியாக அண்ணனில் வந்து இறங்கினால் எங்கோ பாலம் உடைந்திருக்கிறது. ஒலி ஒற்றுமையையும் நம்ப வேண்டாம். சிங்களத்தில் 'அக்கா' என்றால் நமக்கும் அக்காதான்; ஆனால் 'அய்யா' என்றால் அண்ணன், 'மல்லி' என்றால் தம்பி. எழுத்து வடிவத்தை மட்டும் ஒப்பிட்டு இணைக்கும் நிரல், கொத்தமல்லியைக் கொண்டுபோய்த் தம்பியோடு சேர்த்துவிடும்.

நீங்கள் திருத்தியதோடு நிற்காமல், ஏன் திருத்தினீர்கள் என்பதைத் தொகுப்புச் சுருக்கத்தில் (மாற்றத்தைச் சேமிக்கும்போது குறிப்பெழுதும் கட்டத்தில்) ஒரு வரி எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் காரணம் தெரியாத ஒருவர் உங்கள் திருத்தத்தை நல்லெண்ணத்தோடே பழையபடி மாற்றிவிடக்கூடும்.

கேள்வி: கணினி அறிவியல் படிக்கிறேன். சொற்பட்டியல் ஒன்றைக் கொடுத்தால் ஒரே இரவில் பத்தாயிரம் பக்கங்களை உருவாக்கும் தானியங்கியை என்னால் எழுத முடியும். பொருளையும் எடுத்துக்காட்டு வாக்கியங்களையும் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு எழுதிக்கொள்ளலாம். தமிழுக்கு இது பெரிய தொண்டாகாதா? – கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

பதில்: தம்பி, உங்கள் ஆர்வத்தை அணைக்க எனக்கு மனமில்லை, ஆனால் அந்த இரவு வேலையைத் தொடங்குமுன் இதைப் படித்துவிடுங்கள். தமிழ் விக்சனரியில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்பக்கங்கள் இருக்கின்றன என்றால், அதில் தானியங்கிகளின் உழைப்பு பெரிது. தமிழ் இணையப் பல்கலைக்கழகத்தின் கலைச்சொற் பட்டியல்கள் அப்படித்தான் ஏற்றப்பட்டன. அவற்றில் எந்தத் துறைச் சொல், எந்தத் தொகுப்பிலிருந்து வந்தது என்ற குறிப்பும் கூடவே ஏறியதால், ஒரு சொல்லில் ஐயம் வந்தால் மூலத்துக்குத் திரும்பிப் போக முடிகிறது. வல்லுநர் குழு ஏற்கெனவே சரிபார்த்த பட்டியலை, மூலம் காட்டி, உரிமை பெற்று ஏற்றுவது தானியங்கிக்கு ஏற்ற வேலை.

நீங்கள் சொல்வது வேறு வேலை. ஸ்காட்லாந்தில் பேசப்படும், ஆங்கிலத்துக்கு நெருங்கிய ஸ்காட்ஸ் மொழியின் விக்கிப்பீடியாவுக்கு நேர்ந்ததை நினைத்துப் பாருங்கள். அதன் கட்டுரைகளில் 20,000-க்கும் மேற்பட்டவற்றை எழுதியவர் ஸ்காட்ஸ் மொழி அறியாத அமெரிக்க இளைஞர் என்பது 2020 ஆகஸ்டில் தெரியவந்தது. சிறுவனாக இருந்தபோதே எழுதத் தொடங்கியவர். தீய நோக்கம் சிறிதும் இல்லாதவர். ஆங்கில வாக்கியங்களில் ஆங்காங்கே சொல்லையும் எழுத்தையும் மாற்றி, அதையே ஸ்காட்ஸ் என்று நம்பி எழுதினார். ஆண்டுக்கணக்கில் யாரும் தடுக்கவில்லை. சரிபார்க்கும் அளவுக்கு அங்கே ஆட்கள் இல்லை. அம்மொழி பேசுவோர் எவ்வளவு வேதனைப்பட்டிருப்பார்கள் என்று எண்ணும்போதெல்லாம், பின்தொடர்ந்து பார்க்க ஆளில்லாத வேகம் ஆபத்தானது என்ற எண்ணம் எனக்கு வலுப்படுகிறது. ஒரு பக்கத்தை உருவாக்க இயந்திரத்துக்கு ஒரு நொடி போதும். அதைப் படித்துச் சரிபார்க்க ஒரு மனிதருக்கு ஐந்து நிமிடமாவது வேண்டும். பத்தாயிரம் பக்கங்களுக்குக் கணக்குப் போட்டால் 800 மணி நேரத்துக்கு மேல் வருகிறது. அந்த நேரத்தைத் தரப்போவது யார் என்று முடிவான பிறகே தானியங்கியை ஓட விடுவது முறை.

எடுத்துக்காட்டு வாக்கியத்தை இயந்திரத்திடம் கேட்டு வாங்குவதை நான் ஏற்கவே மாட்டேன். ஒரு சொல்லை மக்கள் இப்படிப் பயன்படுத்தினார்கள் என்பதற்கான சாட்சியே எடுத்துக்காட்டு. இயந்திரம் எழுதித் தரும் வாக்கியம் எதற்கும் சாட்சியாகாது. மேலும், இந்த அகராதிகளைப் படித்தே அந்த இயந்திரங்கள் பழகுகின்றன. நாம் இட்ட பிழை அவற்றின் வழியாக வேறு தளங்களுக்குச் சென்று, நாளை யாரோ அந்தத் தளத்தையே மூலமாகக் காட்டி நம் பிழையை உறுதிப்படுத்துவார். அந்த வட்டம் சுற்றத் தொடங்கிவிட்டால் முதற்பிழையைக் கண்டுபிடிப்பது மிகக் கடினம்.

உங்கள் திறமைக்கு நல்ல வேலை காத்திருக்கிறது. மூலமில்லாத பதிவுகள், பொருள் எண் குறிக்காத மொழிபெயர்ப்புகள், ஒரு திசையில் மட்டும் இணைந்திருக்கும் சொற்கள், ஒரே சொல்லுக்கு இரு எழுத்து வடிவத்தில் உள்ள இரட்டைப் பக்கங்கள் ஆகியவற்றைத் தேடிப் பட்டியலிடும் நிரல் எழுதுங்கள். எதையும் அது தானாகத் திருத்த வேண்டாம்; பட்டியலிட்டால் போதும். அதை வைத்துக்கொண்டு நாங்கள் மாதக்கணக்கில் வேலை செய்வோம். ஏற்றுவதற்கு நல்ல பட்டியல் உங்களிடம் இருந்தால், முதலில் ஐம்பது சொற்களை மட்டும் ஏற்றி, ஆலமரத்தடியில் – அதுதான் தமிழ் விக்கி சமூகங்களின் பொது உரையாடல் பக்கம் – மற்றவர்களின் கருத்தைக் கேளுங்கள்.

கேள்வி: 'கௌரவம்' என்று தேடினால் பக்கம் இல்லை என்று வருகிறது. ஆனால் அந்தப் பக்கம் இருப்பதை என் கண்ணால் பார்த்தேன். – வாசகி, சேலம்

பதில்: நீங்கள் தட்டியது, பக்கத்தின் தலைப்பில் இருப்பது ஆகிய இரண்டில் ஒன்று 'கௌ' அல்ல. 'க' என்ற எழுத்தோடு ஔகாரக் குறி சேர்ந்தால் 'கௌ'. சிலர் 'கெ' தட்டி, அதன் பின் 'ள' தட்டிவிடுகிறார்கள். திரையில் 'கெள' என்று தெரிவதால் கண்ணுக்கு வேறுபாடு எளிதில் புலப்படாது, கணினிக்கோ அவை முற்றிலும் வேறு எழுத்துகள். 'கொ' என்பதை ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாகத் தட்டினாலும், ஒருங்குறியின் (கணினியில் எழுத்துகளுக்கு எண் தரும் 'யூனிகோட்' முறையின்) இயல்பாக்க விதிப்படி மென்பொருள் ஒன்றாக்கிவிடும். 'ள' என்ற முழு எழுத்தை அந்த விதி தொடாது. 'ஸ்ரீ' என்பதிலும் இதே தொல்லை உண்டு. 2005இல் ஒருங்குறியில் 'ஶ' சேர்ந்த பிறகு அதை இருவகையாகத் தட்ட முடிகிறது. தவறாகத் தட்டப்பட்ட பக்கத்தைக் கண்டால், புதிதாக ஒன்றை உருவாக்காமல், சரியான தலைப்புக்கு நகர்த்திவிடுங்கள்.

கேள்வி: என்னிடம் நல்ல தமிழ் அகராதிகள் பல உள்ளன. அவற்றைப் பார்த்து அப்படியே தட்டச்சு செய்து ஏற்றலாமா? – ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், மதுரை

பதில்: பழையவற்றை ஏற்றலாம், புதியவற்றைக் கூடாது. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை நீடிக்கிறது. 1862இல் வந்த வின்சுலோவின் தமிழ்–ஆங்கில அகராதி பொதுவுடைமை. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி அப்படியன்று. அதன் விளக்கங்களைச் சொல் மாற்றாமல் எடுத்தாள்வது சட்டத்துக்கும் உழைப்புக்கும் இழைக்கும் குற்றம். நகல் எடுப்போரைப் பிடிப்பதற்கென்றே 2001ஆம் ஆண்டின் நியூ ஆக்ஸ்ஃபோர்டு அமெரிக்க அகராதியில் 'எஸ்க்விவேலியன்ஸ்' என்ற கற்பனைச் சொல்லை வைத்திருந்தார்கள் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். வின்சுலோவிலிருந்து எடுக்கும்போது, இன்று வழக்கொழிந்த பொருளுக்கு அருகே அந்தக் குறிப்பை எழுத மறவாதீர்கள். இல்லாவிட்டால் 19ஆம் நூற்றாண்டின் பொருளை இன்றைய மாணவர் இன்றைய பொருளாக எடுத்துக்கொள்வார்.

கேள்வி: ஓர் இணைய அகராதியில் 'அலவாங்கு' என்ற சொல்லைச் சேர்த்தேன். மறுநாள் ஒருவர், 'கடப்பாரை என்பதே சரியான தமிழ்' என்று குறிப்பெழுதி நீக்கிவிட்டார். எங்கள் பேச்சு அகராதிக்கு ஆகாதா? – ஓய்வுபெற்ற தபால் ஊழியர், யாழ்ப்பாணம்

பதில்: ஐயா, நீக்கியவர் செய்தது தவறு. அகராதி எழுதுபவரின் வேலை, இருக்கும் சொல்லைப் பதிவு செய்வது. ஊர்களுக்கிடையே தீர்ப்பு வழங்குவது அவர் வேலையன்று. அலவாங்கு, கதிரை (நாற்காலி), குசினி (சமையலறை) ஆகிய மூன்றும் போர்த்துக்கீசியர் காலத்தில் இலங்கைத் தமிழுக்கு வந்து, தலைமுறை தலைமுறையாக அங்கே புழங்குபவை. 'கணனி' என்று நீங்கள் எழுதுவதும் 'கணினி' என்று இங்கே எழுதுவதும் இரண்டும் வழக்கே. ஒன்றை வைத்து மற்றதை அழித்தால் அகராதி சுத்தமாவதில்லை, குறைபடுகிறது.

ஆனால் நீக்கியவருக்குப் பதில் சொல்லக் கோபம் போதாது, சான்று வேண்டும். ஆங்கில விக்சனரியில் ஒரு சொல் ஐயத்துக்குள்ளானால், ஓராண்டுக்கு மேற்பட்ட இடைவெளியைத் தழுவிய மூன்று தனித்தனி மேற்கோள்கள் கேட்கிறார்கள். எழுத்துப் பதிவு குறைந்த மொழிகளுக்கு ஒன்றே போதும் என்றும் தளர்த்தியிருக்கிறார்கள். அத்தகைய மேற்கோள்களைத் தேட 'நூலகம்' என்ற எண்ணிம நூலகம் உங்களுக்குக் கைகொடுக்கும். இலங்கைத் தமிழ் நூல்களும் இதழ்களும் செய்தித்தாள்களும் அங்கே ஆயிரக்கணக்கில் இலவசமாகக் கிடைக்கின்றன. அச்சில் அகப்படாத சொல்லென்றால் உங்கள் குரலிலேயே பதிவு செய்யுங்கள். 'லிங்குவா லிப்ரே' என்ற கருவி அதற்காகவே இருக்கிறது, பதிவு செய்யும் ஒலி, படங்களும் ஒலிகளும் சேமிக்கப்படும் விக்கிமீடியாவின் பொதுவகத்தில் சேர்ந்துவிடும்.

பக்கத்தை மறுபடியும் எழுதும்போது, 'இலங்கை வழக்கு' என்ற குறிப்பையும் 'அலவாங்கா' என்ற போர்த்துக்கீசிய மூலத்தையும் முதலில் இடுங்கள். 'கடப்பாரை' பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்து, அந்தப் பக்கத்திலிருந்து அலவாங்குக்கும் ஓர் இணைப்பு வையுங்கள். நீக்கியவரின் பேச்சுப் பக்கத்தில், சான்றைக் காட்டி இரண்டு வரி எழுதுங்கள். பெரும்பாலும் அவரே அடுத்த முறை உங்கள் பதிவுக்குக் காவல் நிற்பார். எடுத்துக்காட்டு வாக்கியத்தை மட்டும் மாற்றி எழுதிவிடாமல் உங்கள் ஊர்ப் பேச்சிலேயே இருக்க விடுங்கள்.